இன்ஜின் ஹீட் ஆன பிறகு: ஹெட்டைக் கழட்டுவதற்கு முன் எந்தச் சோதனை?

வண்டி ஹீட் ஆகி நின்றுவிட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னதும் வரும் முதல் பதில், "ஹெட்டைக் கழட்டிப் பார்த்தாத்தான் சார் தெரியும்." ஹெட் என்பது சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக உட்காரும் பாகம். பெரும்பாலும் அதைக் கழட்ட அவசியமில்லை. கேஸ்கட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டதா, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அடிவாங்கிவிட்டதா, வெறும் ஹோஸ் வெடிப்புதானா என்பதை ஹெட்டில் கை வைக்காமலேயே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். அதற்கு நான்கு சோதனைகள் இருக்கின்றன. எதை முதலில் செய்வது என்பதில்தான் தகராறு.

பலர் முதலில் எடுப்பது கம்ப்ரஷன் கேஜ், அதாவது ஸ்டார்ட்டரைச் சுற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கருவி. பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை காட்டும். டீசலில் அதைப் போல இரண்டு மடங்கு இருக்கும் என்பதால் கேஜே வேறு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அளவு இறங்கியிருந்தால், நடுவில் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒரே சிலிண்டர் இறங்கியிருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

ஆனால் ஹீட் ஆன வண்டிக்கு இதை முதல் சோதனையாக வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், இன்ஜின் ஓடி எரிபொருள் எரியும்போது வரும் அழுத்தத்தில் ஒரு சிறு பங்குதான். மயிரிழை அளவு விட்டுப்போன கேஸ்கட், கேஜில் நான்கு சிலிண்டரும் சமம் என்று காட்டிவிட்டு, வால்பாறை ஏற்றத்தில் லோடு ஏறும்போதுதான் வாய் திறக்கும். கேஜ் காட்டியதை நம்பி அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், நடுமலையில் நிற்க வேண்டியதுதான்.

நான் முதலிடம் கொடுப்பது கூலிங் பிரஷர் பம்புக்கு. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு (சூட்டோடு மூடியைத் திறந்தால் கை, முகம் எல்லாம் வெந்துவிடும்) ரேடியேட்டர் மூடியின் இடத்தில் கைபம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் அடிக்க வேண்டும். 0.9 அல்லது 1.1 என்று பார் (bar) கணக்கில் அதிலேயே போட்டிருக்கும். பிறகு கால் மணி நேரம் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கி, வெளியே ஈரம் தெரிந்தால் ஹோஸ், ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்று. ஹீட் ஆனதற்கான காரணமே இங்கே சிக்கிவிடலாம். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் முள் இறங்கினால் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். அப்போது ஸ்பார்க் பிளக்குகளைக் கழட்டிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால், எந்த ஓட்டையிலிருந்து கூலன்ட் பீய்ச்சுகிறதோ அதுதான் சிலிண்டர்.

இரண்டாவது, நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, கூலன்டுக்கு மேலே நிற்கும் காற்றை ரப்பர் பல்பால் இழுத்து அந்தத் திரவத்தின் வழியே விடுவார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் முதலில் பச்சையாகி, பிறகு மஞ்சளாகும். முன்கூட்டியே கூலன்ட் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். குழாய்க்குள் கூலன்டே ஏறிவிட்டால் சோதனை வீண். பெட்ரோல் வண்டியில் இதற்கு ஈடு இல்லை. டீசலில் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஐடிலில் டீசல் இன்ஜின் தேவைக்கு மேல் நிறையக் காற்றை இழுப்பதால் அந்த வாயு நீர்த்திருக்கும், நிறம் மெதுவாகத்தான் மாறும். ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்ப்பது நல்லது. கசிவு ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கோ ஆயில் பக்கமோ போனால் இது காட்டாது. கம்ப்ரஷன் கேஜுக்கு வேலை வருவது அப்போதுதான்.

லீக் டவுன் சோதனை இவற்றில் மிகத் துல்லியமானது. பிஸ்டனை மேலே நிறுத்திக் காற்றை உள்ளே அடித்து, எங்கே சத்தம் வருகிறது என்று கேட்பார்கள். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது விரிசல், ஆயில் மூடியில் காற்று வந்தால் ரிங், சைலன்ஸரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. கம்ப்ரஸரும் நேரமும் வேண்டும். அதனால் கசிவு உறுதியான பிறகு இடம் கண்டுபிடிக்க மட்டும் இதைச் செய்யச் சொல்வேன்.

ஆயில் மூடிக்கு அடியில் வெண்மையான பசை இருப்பதைப் பார்த்து மட்டும் கேஸ்கட் என்று முடிவு கட்ட வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டும் வண்டியில் அது சாதாரண ஈரமாகவும் இருக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயிலே பால் கலந்தாற்போல் இருந்தால் கதை வேறு, ஆயிலில் கூலன்ட் கலந்துவிட்டது. ஸ்டார்ட் பண்ணாமல் டோ பண்ணுங்கள், இல்லாவிட்டால் பேரிங்கும் போய்விடும். டெம்பரேச்சர் முள் கடைசியில் இறங்கிவிட்டது என்பதும் ஆறுதல் இல்லை. கூலன்ட் காலியானால் சென்சார் வெறும் ஆவியில் நின்று குறைத்துக் காட்டும்.

கசிவு உறுதியாகி ஹெட் கீழே இறங்கிவிட்டதா? இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்காரும் இன்ஜின்களில், ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டாவில் வந்த 1.3 லிட்டர் டீசல் மாதிரி, ஹெட் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நேர்ப்பட்டையை வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல இன்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. லேத்தில் ஃபேசிங் அடிக்க (ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவி மட்டமாக்க) காசு கொடுப்பதற்கு முன், ஹெட்டைச் சுடுதண்ணீரில் போட்டுக் காற்றழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். விரிசல் விட்ட ஹெட்டை எவ்வளவு மட்டமாக அடித்தாலும் அது கூலன்ட் குடிப்பதை நிறுத்தாது.