உங்கள் பிள்ளைக்கு 62 சதவீதம் வாய்ப்பு என்று யாராவது சொன்னால்

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போனாள். ஏழாம் வகுப்பிலிருந்தே டாக்டர் ஆகணும் என்று சொல்லிக்கொண்டிருப்பவள். அந்த ஆசையைக் காட்டி எங்களிடம் 8,400 டாலர் வாங்கிக்கொண்ட ஒரு அட்மிஷன் ஆலோசகரைப் பற்றிய பதிவு இது. பெயர் போடவில்லை. வக்கீல் நண்பர் ஒருவர் வேண்டாம் என்றார். எடிசன் பக்கம் எந்த இந்திய மளிகைக் கடைக்குப் போனாலும் வாசல் பலகையில் இதே மாதிரி நாலு விளம்பரம் தொங்கும். அதில் எது எங்களுடையது என்று தெரிந்தால் மற்ற மூன்றையும் நம்பிவிடுவீர்கள்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பிளஸ் டூ முடித்ததும் நேரே மருத்துவக் கல்லூரி கிடையாது. முதலில் நாலு வருடம் ஏதாவது ஒரு இளங்கலை. அந்த நாலு வருடத்தில் உயிரியல், வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல் என்று மருத்துவக் கல்லூரிகள் கேட்கிற பாடங்களை எடுத்துவைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் ப்ரீமெட். அது தனிப் பட்டம் இல்லை. வரலாறு படித்துக்கொண்டே ப்ரீமெட்டாகவும் இருக்கலாம். அப்புறம் மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு எம்கேட், அப்புறம் இன்னொரு சுற்று விண்ணப்பம், அதற்கப்புறம்தான் மருத்துவப் படிப்பு நாலு வருடம். அண்மை வருடங்களில் சுமார் 52,000 பேர் விண்ணப்பித்து 23,000 பேர் போலச் சேர்கிறார்கள். சேர்கிறவர்களின் எம்கேட் சராசரி 528க்கு 511, 512 என்று நிற்கிறது. பாதிக்கு மேல் வெளியே நிற்கிறார்கள் என்கிற பயம் எந்தப் பெற்றோருக்கும் இருக்கும்.

இந்தப் பயத்துக்கு மருந்தாக வருவதுதான் பி.எஸ்./எம்.டி. திட்டம். பள்ளி முடிக்கும்போதே இளங்கலை, மருத்துவம் இரண்டுக்கும் சேர்த்து இடம் கொடுத்துவிடுவார்கள். ஆறு, ஏழு, எட்டு வருடம் என்று பல வகை. பார்ப்பதற்கு நம் ஊர் எம்.பி.பி.எஸ். மாதிரி இருக்கிறதா, நம் ஆட்கள் சொக்கிவிடுகிறோம். நானும்தான்.

2024 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஹோட்டல் ஹாலில் இலவசக் கருத்தரங்கு. சமோசா, டீ, அறுபது குடும்பம் இருக்கும். பேசியவர் நம்ம ஊர்க்காரர். 2019ல் வெளியே வந்த, ரிக் சிங்கர் என்ற ஆலோசகரின் கல்லூரி அட்மிஷன் ஊழலை அவரே எடுத்துப் பேசினார்: “பணக்காரங்க லஞ்சம் குடுத்து மாட்டிக்கிட்டாங்க. நாங்க அப்படி இல்லை. எங்களுது முழுக்க டேட்டா.” முடிந்ததும் தனியாக உட்காரவைத்தார். என்னை அண்ணா என்றார், மனைவியை அண்ணி என்றார். மகளின் மதிப்பெண்களை மடிக்கணினியில் தட்டினார். பள்ளி மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. 3.9, கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி.யில் 1600க்கு 1480. பத்து நிமிடத்தில் ஒரு அட்டவணை வந்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் இரண்டு எண்கள்: ‘இப்போதைய வாய்ப்பு’, ‘எங்கள் பேக்கேஜுடன்’.

பிரௌன் பல்கலைக்கழகத்தின் எட்டாண்டுத் திட்டத்துக்கு நேரே 62, 81 என்று இருந்தது.

இந்த இடத்தில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருபது வருடமாக இருக்கிறேன். ஒரு எண்ணைக் காட்டினால் எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் என் வேலை. அன்றைக்குக் கேட்கவில்லை. அந்தத் திட்டத்தில் வருடத்துக்குச் சேர்வது ஐம்பது, அறுபது பேர்தான். விண்ணப்பிப்பவர்களோ ஆயிரக்கணக்கில். இருக்கிறவர்கள் எல்லோரும் மகள் மாதிரி நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். அதில் ஒருத்திக்கு 62 எப்படி வரும்? வீட்டுக்கு வரும் வழியில் காரில் மனைவி கேட்டாள், “62 சரி, அந்த 19 எங்கிருந்து வருது?” கையெழுத்துப் போட்டுவிட்ட பிறகு.

5,000 டாலரை அங்கேயே ஸெல்லில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேரே இன்னொரு கணக்குக்குப் போகிற வசதியில், அனுப்பினேன். ஸெல்லில் அனுப்பினால் தள்ளுபடி என்றார். மீதி 3,400 டிசம்பரில் கார்டில். ஸெல்லில் நாமே அனுப்பிய பணம் கையில் ரொக்கம் கொடுத்த மாதிரி. ஆள் உண்மையானவராக இருந்து வேலை மோசமாக இருந்தால் வங்கி பெரிதாக எதுவும் செய்யாது. தள்ளுபடி ஏன் என்பது அப்போது புரியவில்லை.

இரண்டு வாரத்தில் ‘விரிவான மதிப்பீட்டு அறிக்கை’ வந்தது. சுருள்கம்பி போட்ட 24 பக்கம். கனமான தாள். பதினொன்றாம் பக்கத்தில் மகளின் டென்னிஸ் ஆர்வம் அவளது தலைமைப் பண்பைக் காட்டுகிறது என்று இருந்தது. மகள் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை, வயலின் வாசிக்கிறாள். தவறுதலாக வந்துவிட்டது என்றார்கள், திருத்தி அனுப்பினார்கள். சரி என்று விட்டுவிட்டோம். பல மாதம் கழித்துத் தமிழ்ப் பள்ளி விழாவில் இன்னொரு குடும்பம் அதே அறிக்கையை எடுத்து வந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஆலோசனைகள் வரிக்கு வரி ஒன்று. சதவீதங்கள்கூட இரண்டு இடத்தில்தான் வேறு. அவர்கள் பையனுக்கு எஸ்.ஏ.டி. 1390. எங்கள் பெண்ணை விட 90 மதிப்பெண் குறைவு, ஆனால் பிரௌனில் அவனுக்கும் 62.

பட்டியலையாவது ஒழுங்காகப் போட்டார்களா? எட்டு பி.எஸ்./எம்.டி. திட்டங்களில் ஒன்று புது மாணவர்களை எடுப்பதையே முன்பே நிறுத்திவிட்டது. இன்னொன்றின் பக்கத்தில் குறைந்தபட்ச எஸ்.ஏ.டி. 1500 என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. மகளுக்கு 1480. எங்கள் அறிக்கையில் அதற்கு வாய்ப்பு 55 சதவீதம். இரண்டையும் கண்டுபிடித்தது மகள்தான், செப்டம்பரில், விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தபோது.

அப்புறம் கட்டுரை விவகாரம். இதை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது. என் அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். முந்தின கோடையில் மகள் அங்கே போய் ஐந்து வாரம் கூடவே இருந்தாள். ஆட்டோவில் கூட்டிப்போவாள், நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிக்குப் பேப்பர் படித்துக்காட்டுவாள். பக்கத்துப் படுக்கைக்காரர் தினமும் செலவுக் கணக்கைச் சின்ன நோட்டில் எழுதுவதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாள். எனக்குத் தெரிந்து அவள் எழுதியதிலேயே நல்லது அதுதான். அதை ‘மெருகேற்ற’ அனுப்பினோம். திரும்பி வந்தபோது நோட்டு இல்லை, ஆட்டோ இல்லை. கடைசிப் பத்தியில் பாட்டி பேத்தியின் கையைப் பிடித்தபடி கண்ணை மூடிவிட்டார், அந்தக் கணத்தில் பேத்தி மருத்துவராக உறுதி பூண்டாள்.

அம்மா அன்று மாலைதான் வீடியோ காலில் வடாம் காயவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

கேட்டதற்கு, “உணர்ச்சி வேணும் அண்ணா, கமிட்டி ஒரு கட்டுரைக்கு ரெண்டு நிமிஷம்தான் குடுக்கும்” என்றார். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் கையெழுத்துப் போடும்போது இதெல்லாம் என் சொந்த எழுத்து, உண்மை என்று மாணவர்தான் உறுதி கொடுக்கிறார். பொய் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தைப் பிடுங்கலாம். ஆலோசகர் பெயர் அதில் எங்கேயும் வராது. மகள் தன் பழைய கட்டுரையையே அனுப்பினாள். அதற்கு அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலில், எங்கள் திருத்தத்தை ஏற்காததால் உத்தரவாதம் பொருந்தாது என்று ஒரு வரி.

ஆமாம், உத்தரவாதம். அதைச் சொல்லவில்லையே. ‘இடம் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்’ என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவைப் பொறுமையாகப் படித்தால்தான் தெரியும்: இறுதிப் பட்டியலில் உள்ள 14 கல்லூரிகளில் ஒன்றில்கூடக் கிடைக்காமல் போனால்தான் பணம். அந்தப் பதினாலில் நாலை அவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நாலும் விண்ணப்பித்த பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்கிற கல்லூரிகள். அதாவது எங்கள் பெண்ணுக்கு எங்கேயுமே இடம் கிடைக்காமல் போனால்தான் அவர்கள் தோற்றதாகக் கணக்கு. மருத்துவம் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. ஒழுங்காக இந்தத் தொழில் செய்பவர்களின் சங்கங்கள், ஐ.ஈ.சி.ஏ. மாதிரியானவை, இடத்துக்கு உத்தரவாதம் கொடுக்கக் கூடாது என்று உறுப்பினர்களுக்கு விதியே வைத்திருக்கின்றன. உத்தரவாதம் என்று நோட்டீஸில் பார்த்தபோதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

ஹோட்டல் ஹால் பற்றியும் ஒன்று. நிறுவனத்தின் நிரந்தர அலுவலகத்தில் இல்லாமல் இப்படி வாடகைக்கு எடுத்த இடத்திலோ நம் வீட்டிலோ வந்து விற்றால், அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதிப்படி மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு, காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். ரத்துப் படிவத்தை விற்பவரே கொடுக்க வேண்டும். ஞாயிறு போட்ட கையெழுத்துக்குப் புதன் நள்ளிரவு வரை நேரம் இருந்தது. படிவமும் தரவில்லை, எனக்கும் தெரியாது.

வேறொரு எண்ணிலும் விழப் பார்த்தோம். ஒரு தனியார் கல்லூரியைக் காட்டி, அங்கே ப்ரீமெட் படித்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு மருத்துவ இடம் என்றார்கள். வருடத்துக்கு எண்பதாயிரம் டாலருக்கு மேல். இந்த 90ஐ மகளின் பள்ளி கவுன்சலர் அம்மாதான் விளக்கினார். சில கல்லூரிகளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஒரு குழுவின் சிபாரிசுக் கடிதம் தேவை. மதிப்பெண் சுமாராக உள்ளவர்களுக்கு அந்தக் கடிதத்தைத் தராமல், அல்லது அடுத்த வருடம் பார் என்று சொல்லி, முன்பே வடிகட்டிவிடுவார்கள். முதல் செமஸ்டர் வேதியியலிலேயே விலகியவர்களும் கணக்கில் இல்லை. முதல் வருடத்தில் ப்ரீமெட் என்று வந்தவர்கள் எத்தனை பேர், கடைசியில் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், இதைக் கேளுங்கள் என்றார். கேட்டேன். அந்தக் கல்லூரியிலிருந்து இன்றுவரை நேரான பதில் இல்லை.

அந்த அம்மா அரசுப் பள்ளியில் சம்பளத்துக்கு இருப்பவர். எங்களிடம் ஒரு காசு வாங்கவில்லை. நவியன்ஸ் என்ற மென்பொருளைத் திறந்து, இதே பள்ளியில் முந்தைய வருடங்களில் ஒவ்வொரு கல்லூரிக்கும் விண்ணப்பித்த பிள்ளைகளைப் புள்ளிகளாகக் காட்டினார். ஒரு அச்சில் ஜி.பி.ஏ., இன்னொன்றில் எஸ்.ஏ.டி., கிடைத்தவர்கள் பச்சை, கிடைக்காதவர்கள் சிவப்பு. பிரௌனில் மகளின் இடத்தைச் சுற்றி ஒரே சிவப்பு. எங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் பச்சை. ஒரு சதவீதமும் சொல்லவில்லை. கல்லூரிகளே வருடாவருடம் வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ ஆவணத்தையும் காட்டினார். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்பது அதன் ‘சி’ பகுதியில் இருக்கும். மதிப்பெண், கட்டுரை, சிபாரிசு எதற்கு எவ்வளவு எடை தருகிறார்கள் என்பது சி7ல். ஒவ்வொரு ஜி.பி.ஏ., எம்கேட் சேர்க்கைக்கும் எத்தனை பேருக்கு மருத்துவ இடம் கிடைத்தது என்ற அட்டவணையை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமே இலவசமாகப் போடுகிறது. நாற்பது நிமிடத்தில் எல்லாம் பார்த்துவிட்டோம். 8,400 டாலருக்கு நான் எதிர்பார்த்தது அதுதான்.

ஆனால் அந்த அம்மாவிடம் போனது அக்டோபரில். அரசுப் பள்ளி கவுன்சலர், நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்ப்பவர், அவருக்கு என்ன தெரியும் என்று நான்தான் வீட்டில் சொல்லியிருந்தேன்.

முடிவு இதுதான். எட்டுத் திட்டத்தில் ஒன்றில் மட்டும் நேர்காணல் வந்தது. ஐந்து மாதிரி நேர்காணல்கள் ஒப்பந்தத்தில் உண்டு. நடந்தது ஒன்று, கேள்வி கேட்டது ஒரு இரண்டாம் ஆண்டுக் கல்லூரி மாணவன், கேமராவை அணைத்துவிட்டு ஏதோ மென்றுகொண்டே. இடம் கிடைக்கவில்லை. நடக்காத நாலுக்காக டிசம்பர் கார்டு கட்டணத்தை எதிர்த்து எழுதினேன். பில் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், கொடுத்தேன். 1,200 டாலர் திரும்பியது. மீதிக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம் என்று பார்த்தேன், நியூ ஜெர்சியில் 5,000 டாலர் வரை கேட்கலாம். ஆனால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், எந்தத் தகராறும் வேறு மாநிலத்தில் மத்தியஸ்தர் முன்தான் என்று இருக்கிறது. மாநில நுகர்வோர் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். புகார் கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது.

மகள் இப்போது ரட்கர்ஸில் முதல் வருடம். ஜெனரல் கெமிஸ்ட்ரி முதல் தேர்வில் 71 வாங்கிவிட்டு இரண்டு நாள் பேசவில்லை, இப்போது பரவாயில்லை. அவள் அனுப்பிய அந்தக் கட்டுரையைப் போன வாரம் அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக்காட்டினேன். கூடவே அந்த மெருகேற்றிய கதையையும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “ஏன்டா, என்னைச் சாகடிக்க எவ்வளவுடா குடுத்தே?”