கேமராவை அணைத்தே பழகியவர்கள்: ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பயன்படுத்தும் பொருள்: இணையக் கூட்டங்களில் கேமராவை அணைத்துவைக்கும் அந்தச் சின்னப் பொத்தான். தொடங்கியது 2020 மார்ச், ஊரடங்கு அறிவித்த வாரம். இன்றுவரை கைவிடவில்லை. விலை ஒன்றும் இல்லை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழு புனே, ஹைதராபாத், கோவை, திருநெல்வேலிப் பக்கம் என்று சிதறிக் கிடக்கிறது. ஊரடங்குக்குப் பிறகு சேர்ந்தவர்களில் பலரை, ஒரு வட்டத்துக்குள் இரண்டு ஆங்கில எழுத்தாக மட்டும்தான் ரொம்ப நாள் தெரியும். கேமராவை அணைக்க ஆளுக்கொரு காரணம் இருந்தது. ஒருவருக்கு நெட் இழுக்காது. இன்னொருவருக்குப் பின்னால் கொடியில் துணி காயும். எனக்கு, காலைக் கூட்டம் நடக்கும் நேரத்தில்தான் குக்கர் விசில் அடிக்கும். நெட் சரியானது, துணி மாடிக்குப் போனது, பழக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

வேலை நடக்கிறதா என்றால், நன்றாகவே நடக்கிறது. களைப்பு குறைகிறது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. 2021இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 103 ஊழியர்களை நான்கு வாரம் கவனித்தார்கள். கேமரா போட்ட நாட்களில் சோர்வு கூடியது. பெண்களுக்கும் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் அது இன்னும் கூடுதலாக இருந்தது. இதற்கு ஆய்வு வேண்டுமா என்று எங்கள் குழுப் பெண்கள் சிரிப்பார்கள். தன் முகத்தைத் தானே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு யாரால் பேச முடியும்?

அதனால் களைப்பைப் பற்றி மேலே பேசப் போவதில்லை. யாரும் எச்சரிக்காத ஒரு பக்கவிளைவைப் பற்றித்தான் எழுத வேண்டும். கேமரா மூடியிருந்தால் மனசு சும்மா இருப்பதில்லை. அது பாட்டுக்கு ஒரு ஆளை வரைந்துகொள்கிறது.

நான் வரைந்த முகங்களை யோசித்துப் பார்த்தால், ஒன்றுகூடப் புதியது இல்லை. டெஸ்டிங் பார்க்கும் திருநெல்வேலிக்காரர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை லேசாக இழுப்பார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் என் மனதில் அவருக்கு அடர்த்தியான மீசை, முன்வழுக்கை, சட்டைப்பையில் சாக்பீஸ் தூள். எல்லாம் என் பிளஸ் டூ இயற்பியல் சாரிடமிருந்து வந்தது. பேசுவதற்கு முன்பே சிரித்துவிடும் ஹைதராபாத் பெண்ணுக்கு என் அத்தை மகளின் முகம், மூக்குத்தி உட்பட. புனே மேலாளருக்கு மட்டும் தெரிந்தவர் யாரும் பொருந்தவில்லை போல. எங்கள் ஊர் வங்கியில் கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்ப்பாரே ஓர் அதிகாரி, அவர் வந்து உட்கார்ந்துகொண்டார். குரலில் ஏதோ ஒரு நெளிவு ஒத்துப்போனால் போதும், மீதி ஆள் முழுவதும் இரவலாக வந்துவிடுகிறார்.

முகத்தோடு குணமும் வந்துவிடுவதுதான் சிக்கல். இயற்பியல் சார் முன்கோபி. அதனால் அந்த டெஸ்டருக்கு ஒரு வரி அனுப்புவதற்குள் மூன்று முறை திருத்துவேன். பிழை அவர் பக்கம் இருந்தாலும் "ஒருவேளை நான் சரியாகப் பார்க்கவில்லையோ" என்று பம்மிக்கொண்டுதான் தொடங்குவேன். ஹைதராபாத் பெண்ணிடம் அத்தை மகளிடம் பேசுகிற உரிமையோடு வேலையைத் தள்ளிவிடுவேன். ஜோசஃப் வால்தர் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 1996இலேயே இதற்குப் பக்கத்தில் வரும் ஒன்றை எழுதியிருக்கிறார். எழுத்து வழியாக மட்டும் பழகும்போது கிடைக்கிற கொஞ்சத் தகவலை நாம் ஊதிப் பெரிதாக்கிக்கொள்கிறோம், சில சமயம் நேரில் பழகுவதைவிட நெருக்கமாகவும் உணர்கிறோம் என்றார். அவர் பேசியது பெரும்பாலும் எதிராளியை உயர்த்தி நினைப்பதைப் பற்றி. என் அனுபவத்தில் பயந்து நினைப்பதும் அதே வேகத்தில் நடக்கிறது.

எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து இருக்கைத் தோழியிடம் இதைச் சொன்னபோது, "முகமா? எனக்கு அப்படியெல்லாம் எதுவும் தெரியாதே" என்றாள். கண்ணை மூடி ஆப்பிளை நினைத்தாலும் அவளுக்கு இருட்டுதான். 2015இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்து ஆடம் ஜெமன் இந்த இயல்புக்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார். இது நோய் இல்லை. அவளுக்கு எல்லோரும் வட்டமும் எழுத்தும்தான், மின்னஞ்சலில் யாரிடமும் பம்முவதும் இல்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்த வட்டத்து எழுத்தே தமிழர்களுக்கு ஒரு தனி வில்லங்கம். நமக்கு முன்னால் இருக்க வேண்டிய இனிஷியலை அலுவலகக் கணினி பின்னால் தள்ளி, அப்பா பெயரை முழுதாக விரித்து, குடும்பப்பெயர் ஆக்கிவிடுகிறது. புனேயிலிருந்து வரும் மின்னஞ்சல்களில் என்னை அப்பா பெயரால்தான் அழைப்பார்கள், 'மிஸ்டர்' வேறு போட்டு. எழுத்தில் மட்டும் தொடர்பு இருந்த சில மாதங்கள், அங்கே ஒரு கணக்குப் பிரிவு ஊழியரின் மனதில் நான் ஐம்பது வயது ஆண். முதல் முறை அழைப்பில் என் குரல் கேட்டதும், "அவரிடம் கொடுங்கள்" என்றார். அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிறது. அதைச் சொன்னால் அவர் சங்கடப்படுவார் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம், குரல். கேமரா இல்லாத இடத்தில் எல்லாப் பாரமும் குரல் மேல்தான். ஆனால் எந்த வழியாகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து ஆளே மாறிவிடுகிறார். பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பும். ஆண்களின் அடிச்சுருதி (பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்பது) சராசரியாக 120 ஹெர்ட்ஸ் பக்கம், பெண்களுக்கு 200 பக்கம். அதாவது அடிச்சுருதி கம்பியில் வருவதே இல்லை. அதன் மேல் அடுக்குகளை வைத்துக் காது தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. இணையக் கூட்டச் செயலிகள் இதைவிட அகலமான ஒலியை அனுப்புகின்றன. ஒரே நபரை அலைபேசியின் சாதாரண அழைப்பில் ஒல்லியாகவும், ஹெட்செட்டில் கேட்கும்போது கொஞ்சம் பூசினாற்போலவும் நான் கற்பனை செய்திருந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மைக்கை வாய்க்குள் வைத்துப் பேசுபவர்கள் எல்லோரும் என் மனதில் பெரிய உடம்புக்காரர்கள். நாற்காலியில் சாய்ந்து தூரத்திலிருந்து பேசுபவர்கள் நோஞ்சான்கள். இதை மாற்ற முயன்று பார்த்தேன், முடியவில்லை.

2022இல் அலுவலகம் திறந்து, எல்லோரையும் சென்னைக்கு வரச் சொன்னார்கள். கேன்டீனில் ஓர் ஒல்லியான பையன், மீசை இல்லை, தலையில் தொப்பி, கையில் லெமன் டீ. "வணக்கம்க்கா" என்றான். கடைசிச் சொல்லில் அந்த இழுப்பு. இயற்பியல் சார்! டப்பிங் படம் பார்ப்பதுபோல இருந்தது. வாய் இங்கே அசைகிறது, குரல் வேறு யாருடையதோ. வயதைக் கேட்டேன், இருபத்து நாலு. இத்தனை நாளும் இவனைத்தான் 'சார்' போட்டு அழைத்திருக்கிறேன். அவன் ஏன் மறுக்கவில்லை என்று கேட்டால், "நல்லாத்தான்க்கா இருந்துச்சு" என்கிறான்.

அவனுக்கு நான் எப்படி இருந்தேனாம்? உயரமாக, கண்ணாடி போட்டு, காட்டன் புடவையில். மூன்றுமே இல்லை.

உயரம் விஷயத்தில் அன்று எல்லோருமே தோற்றோம். கேமரா போட்டுப் பேசியவர்கள்கூட. திரையில் எல்லோரும் தோள்வரை, எல்லோருக்கும் ஒரே அளவு பெட்டி, ஆறடிக்காரரும் ஐந்தடிக்காரரும் சமம். குரலில் கண்டுபிடிக்கலாம் என்றால், கனத்த குரல் என்றால் ஆள் உயரம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோமே, அந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்க்கிறது. ஒரே பாலினப் பெரியவர்களுக்குள் பார்த்தால், சுருதியின் கனத்துக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவு. குரல்பாதையின், அதாவது தொண்டையிலிருந்து உதடு வரையிலான வழியின், நீளத்தைக் காட்டும் ஒத்ததிர்வுகளை வைத்துக் கணித்தால் கொஞ்சம் தேவலை, அதுவும் கொஞ்சம்தான்.

அதற்காகக் குரல் ஒன்றுமே சொல்லாது என்றும் அர்த்தமில்லை. 2002இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் பேசிய இரண்டு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, இரண்டு புகைப்படங்களில் அவர் யார் என்று சொல்ல வேண்டும். முக்கால்வாசித் தடவை சரியாகச் சொன்னார்கள். அதற்கு ரொம்ப முன்னால், 1927இல், மான்செஸ்டர் உளவியலாளர் டி. எச். பியர் பிபிசி வானொலியில் ஒன்பது பேரை ஒரே பத்தியைப் படிக்கவைத்தார். படித்தவர் எப்படிப்பட்டவர் என்று எழுதி அனுப்பச் சொன்னதற்கு நான்காயிரத்துக்கு மேல் பதில் வந்தது. ஆணா பெண்ணா, ஏறத்தாழ என்ன வயது என்பதைப் பொதுவாகச் சரியாகவே பிடித்தார்கள். நடிகரையும் பாதிரியாரையும் பலர் கண்டுபிடித்தார்கள். குரலே தொழிலாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது நியாயம்தான். இரண்டு படம் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நாம் சுமாரான ஆட்கள். வெறும் சுவரைக் காட்டி வரை என்றால்தான் இயற்பியல் சார் வந்து நிற்கிறார்.

அம்மாவிடம் இந்தக் கேன்டீன் கதையைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. அவர் தலைமுறைக்கு இது அன்றாடம் நடந்த விஷயம். காலையில் வானொலியில் "செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி" என்று கேட்டு வளர்ந்தவர். டெல்லியிலிருந்து வந்த அந்தக் கணீர்க் குரலுக்கு அம்மா வைத்திருந்த முகம், அவர் படித்த பள்ளியின் தலைமையாசிரியை. 2022 ஆகஸ்டில் சரோஜ் நாராயணஸ்வாமி காலமானபோது செய்தித்தாளில் வந்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவங்க நல்லா லட்சணமா இருக்காங்க. ஆனா நான் கேட்டது வேற ஆள்" என்றார். இத்தனை வருடமாக அந்தக் குரலுக்கு ஒரு முகத்தை மனதில் வைத்திருக்கிறார். ஒரு புகைப்படத்துக்காக அதை ஏன் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

அம்மா சொன்னது சரிதான் என்று எனக்குப் பிறகு புரிந்தது. நேரில் பார்த்தால் பழைய முகம் அழிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அழியவில்லை. தொப்பிக்காரப் பையனோடு சேர்ந்து மதியம் சாப்பிடுகிறேன், அவன் கல்யாணத்துக்கு நாங்குநேரி வரை போய் வந்தேன். ஆனால் காலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவன் பேசக் கேட்டால், மீசையும் சாக்பீஸ் தூளும் வந்துவிடுகின்றன. ஒருமை, பன்மைகூடக் குழம்புகிறது. நேரில் "என்னடா" என்கிறேன், கூட்டத்தில் வாய் தானாக "சொல்லுங்க" என்கிறது. ஆங்கிலத்திலேயே பேசிவிட்டால் தப்பிக்கலாம், அங்கே எல்லோரும் ஒரே 'யூ'. தமிழுக்கு மாறிய அடுத்த நொடியே அண்ணனா, தம்பியா, அக்காவா என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. குரலுக்குச் சொந்தமான முகம் அங்கேதான் நம் கையைப் பிடித்து இழுக்கிறது.

இடைவழிகளையும் பயன்படுத்திப் பார்த்தேன். முகப்புப் படம் வைக்கச் சொன்னால் நம்மவர்கள் குழந்தை, முருகன், ஊட்டி மலை என்று எதையாவது வைப்பார்கள். முருகன் படம் வைத்திருப்பவர் சாந்தமானவர் என்று நினைத்தது தனிக்கதை. பத்து வருடத்துக்கு முந்தைய கல்யாணப் படம் வைப்பவர்கள் இன்னொரு ரகம். அதற்கு வட்டத்து எழுத்தே தேவலை. முகக்கவசத்தோடு பார்ப்பது கேமரா இல்லாததைவிட ஏமாற்று வேலை. கொஞ்சம் தெரிந்தால் மனசு மீதியை அழகாகவே இட்டுக்கட்டும். வெட்டியும் மங்கலாக்கியும் காட்டிய புகைப்பட முகங்களை முழுப் படத்தைவிட அழகானவை என்று மக்கள் மதிப்பிட்டதாக 2020இல் ஓர் ஆய்வு வந்தது. கவசத்தைக் கழற்றியதும் எங்கள் தளத்தில் பல பேருக்கு மதிப்பெண் குறைந்தது, எனக்கும்தான்.

இப்போது நான் வைத்திருக்கும் அமைப்பு இது. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் அழைப்பில் ஐந்து நிமிடம் கேமராவைப் போட்டுக்கொள்கிறோம், நானும் போடுவேன். எழுந்து நின்று காட்டச் சொல்லலாமா என்று யோசித்தேன், அது பெண் பார்க்கும் படலம் மாதிரி ஆகிவிடும் என்று விட்டேன். பிறகு தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். முகம் காட்ட விருப்பமில்லை என்பவர்களை வற்புறுத்துவதில்லை. அவர்களிடம் வயதையும் எந்தப் பக்கம் என்பதையும் மட்டுமாவது பேச்சுவாக்கில் கேட்டுவைத்துக்கொள்வேன். ஒரு வேலையை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யும்போது குரலை நினைக்காமல் அவர்கள் எழுதிய நிரலைத் திறந்து வைத்துக்கொள்கிறேன்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? ஏற்கெனவே நேரில் பழகியவர்களுக்கு, தயங்காமல். வீட்டில் ஒரே அறை உள்ளவர்களுக்கு, நிச்சயமாக. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்து, மேலே உள்ளவரின் குரலை மட்டும் கேட்டு இரவெல்லாம் பயந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் முதல் வாரத்தில் வேண்டாம். புனே மேலாளரை நேரில் பார்த்தபோது, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்க அவரிடம் கண்ணாடியே இல்லை. அவருக்கும் என்னிடம் பேசப் பயமாக இருந்ததாம், மின்னஞ்சலில் நான் 'ரிகார்ட்ஸ்' என்று மொட்டையாக முடிப்பதால்.