நான்கு செமஸ்டர்களாக என்னோடு இருக்கும் 240 ரூபாய் டைமர்

பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கிய சமையலறை டைமர் இது. பேட்டரி கிடையாது. குமிழைத் திருகினால் உள்ளே சுருள்வில் இறுகும். அது தளரத் தளர எண்கள் இறங்கிவந்து, பூஜ்யத்தைத் தொட்டதும் மணி அடிக்கும். அதிகபட்சம் 60 நிமிடம். எம்.எஸ்சி. வேதியியலில் சேர்ந்த வாரம் வாங்கினேன், இப்போது நான்காவது செமஸ்டர். ஏறக்குறைய தினமும் கைபட்ட பொருள் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

வாங்கியது படிப்பதற்காகத்தான். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் இறுதியில், தாம் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ டைமர் ஒன்றை வைத்து வகுத்துக்கொண்ட முறை பலருக்கும் தெரிந்திருக்கும். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. இத்தாலிய மொழியில் தக்காளியின் பெயரான பொமொடோரோவே அந்த முறைக்கும் பெயராகிவிட்டது. மனப்பாடப் பகுதிகளுக்கும் செய்முறைப் பதிவேடு எழுதுவதற்கும் அது எனக்கு அருமையாக ஒத்துவந்தது. குவாண்டம் வேதியியல் கணக்குகளுக்கு ஒத்துவரவில்லை. வழி பிடிபடும் அந்த நொடியில் மணி அடித்துவிடும். அவற்றுக்கு மட்டும் 50 நிமிடம் வைக்கிறேன்.

ஆனால் இந்த டைமர் எனக்குச் செய்த பெரிய உதவி படிப்பில் இல்லை.

எங்கள் வீடு அல்சூரில், இரண்டே அறைகள், ஐந்து பேர். காலையில் அல்சூர் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் பதினாறாவது நிலையம் ஞானபாரதி, அங்கேதான் பல்கலைக்கழகம். மாலையில் திரும்பியதும் தெருப் பிள்ளைகள் மூவருக்கு டியூஷன், பிறகு அடுப்படி வேலை. நேரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்த கொஞ்ச நேரத்தையும் யாரும் என்னுடையதாக நினைக்கவில்லை. கையில் கதைப் புத்தகம் இருந்தால், “சும்மாதானே இருக்கிறாய், இந்தப் பூண்டை உரித்துக் கொடு” என்பார் அம்மா. செல்போனில் நேரம் வைத்தும் பார்த்தேன். அது ஓடுவது எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் கண்ணுக்கு நான் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

முதல் செமஸ்டர் நடுவில் ஒரு நாள் டைமரை 45-க்குத் திருகி, அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் திட்டில் வைத்தேன். “இது அடிக்கும்வரை என்னைக் கூப்பிட வேண்டாம் அம்மா. அடித்ததும் நானே வந்து பாத்திரம் தேய்த்துவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். முதல் வாரம் தினமும் இரண்டு மூன்று முறை அழைப்பு வந்தது. மூன்றாவது வாரம் மாடிப்படியில் பாட்டியின் குரல் கேட்டது. தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “மணி ஓடுகிறது, அக்காவைக் கூப்பிடாதே.”

டிக் டிக் என்ற அந்தச் சத்தம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அது வீடு முழுக்கக் கேட்கிறது. எப்போது முடியும் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மணி அடித்த பிறகு ஒரு நாள்கூட நான் இறங்கி வராமல் இருந்ததில்லை. அந்த நம்பிக்கை இல்லையென்றால் இது நடந்தே இருக்காது. தேர்வு வாரங்களில் 45 நிமிடம் 20 ஆகிவிடும். ஆனாலும் விட்டுவிட மாட்டேன்.

அந்த நேரத்தில் தமிழ் படிக்கிறேன். பள்ளியில் எனக்கு ஆங்கிலமும் கன்னடமும்தான். தமிழ் எழுத்து பாட்டி சொல்லிக்கொடுத்தது. பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து எடுத்துவரும் புத்தகத்தில் முதலில் நான்கு பக்கம் தாண்டவே திணறினேன், இப்போது பதினைந்து தாண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் புத்தகத்தோடு அல்சூர் ஏரிப் பக்கம் போய்விடுவேன். பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலையை அங்கே 2009-இல் திறந்தபோது அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டினாராம். சிலையைக் கடக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 60 நிமிடம் வைத்தால் 57-இலேயே அடித்துவிடுகிறது. ஓராண்டில் மணியும் மங்கத் தொடங்கியது. கடைக்காரரிடம் கொண்டுபோனேன். “20 வேண்டுமென்றாலும் முதலில் 60 வரை முழுதாகத் திருகிவிட்டு, பிறகு 20-க்குத் திருப்பிக் கொண்டுவா அம்மா. வில் முழுக்க இறுகினால்தான் மணிக்கு வலு இருக்கும்” என்றார். அன்றிலிருந்து அப்படியே செய்கிறேன், சத்தம் திரும்பிவிட்டது. நூலகத்துக்கு இது ஆகாது. விடுதியில் இருக்கும் தோழி இரவல் வாங்கிப்போய், அறைத்தோழிக்குத் தூக்கம் கெடுகிறது என்று இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மடித்த துண்டின்மேல் வைத்தால் சத்தம் பாதியாகக் குறையும். அதை அவளிடம் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை.

போன மாதம் ஒரு மாலை, டியூஷன் பிள்ளைகள் போன பிறகு அடுப்படிக்குள் நுழைந்தேன். டைமர் ஓடிக்கொண்டிருந்தது. திருகியது நான் இல்லை. அம்மா வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். 18 நிமிடம் மிச்சம் இருந்தது. குழம்பை நான் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த முறை சிவாஜிநகர் போகும்போது இன்னொன்று வாங்க வேண்டும்.