பி.ஈ, பி.எஸ்சி, ஐஐடி பி.எஸ்: டிகிரி வாங்கி வெளிய வர்றதுக்கு என்ன கேக்குறாங்க?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து சித்தி வீட்ல கட்ஆஃப் பேச்சுதான். மேத்ஸ் நூறு, பிசிக்ஸ் அம்பது, கெமிஸ்ட்ரி அம்பது, மொத்தம் 200க்கு எவ்ளோ, அதுக்கு எந்த காலேஜ் கிடைக்கும்னு ஒரு வாரமா கணக்கு போடுறாங்க. பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்னு நிக்கிறான், நீ சொல்லுண்ணேன்னு என்கிட்ட வந்தான். நான் கேட்டேன், சேர்றது இருக்கட்டும்டா, பாஸாகி வெளிய வர்றதுக்கு என்னென்ன கேக்குறாங்கன்னு பாத்தியான்னு. முழிச்சான்.

மொதல்ல பி.ஈ. அண்ணா யுனிவர்சிட்டி இணைப்பு காலேஜ்ல நாலு வருஷம், எட்டு செமஸ்டர், 160 சொச்சம் கிரெடிட் (ஒவ்வொரு பேப்பருக்கும் குடுக்குற புள்ளி, அதெல்லாம் சேத்தாதான் டிகிரி). கம்ப்யூட்டர்னு சேந்துட்டு மொத வருஷம் பெரும்பாலும் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேட்ரிக்ஸ், இன்ஜினியரிங் கிராபிக்ஸ்னுதான் ஓடும், படம் வரையுற டிராஃப்டர தூக்கிட்டு அலையும்போது நாம எதுக்கு வந்தோம்னே மறந்துடும். ஆனா இங்க ஆள கவுக்குறது பாஸ் மார்க் ரூல்தான். 2021 ரெகுலேஷன்னு சொல்ற விதிமுறைல தியரி பேப்பருக்கு இன்டர்னல், அதாவது காலேஜ்லயே போடுற மார்க், 40, செமஸ்டர் எக்ஸாம் 60. மொத்தமா 50 எடுக்கணும், அதோட செமஸ்டர் எக்ஸாம்ல தனியா 45 சதவீதமும் எடுக்கணும். இன்டர்னல்ல 35 வாங்கிட்டான்னு வைங்க, எக்ஸாம்ல நூத்துக்கு 40 எழுதுறான், அது 60க்கு 24 ஆகும், கூட்டுனா 59 வருது, அப்பவும் ஃபெயில்தான், திரும்ப எழுத வேண்டிய அரியர்! நம்ம பசங்க பாதி பேர் இன்டர்னல் இருக்குல்லன்னு தெம்பா போய் இங்கதான் விழுறாங்க. நான் டிஸ்கிரீட் மேத்ஸ்ல ரெண்டு தடவ விழுந்தவன், அதனால கொஞ்சம் அடிச்சே சொல்றேன். அட்டெண்டன்ஸ் 75 சதவீதம், மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்தா 65 வரைக்கும் பாப்பாங்க, அதுக்கு கீழ போனா எக்ஸாமே எழுத விடமாட்டாங்க. எல்லா அரியரையும் முடிக்க ஏழு வருஷம் டைம் இருக்குதான், ஆனா கேம்பஸ்ல வர்ற கம்பெனி ஸ்டாண்டிங் அரியர், அதாவது இன்னும் முடிக்காத அரியர், இருக்கான்னு மொத கேள்வியே கேப்பான்.

பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணு வருஷம், 140 கிரெடிட். இதுல மொத ரெண்டு வருஷம் தமிழும் இங்கிலீஷும் கூடவே வரும், அப்புறம் அலைடு பேப்பர்னு மெயினுக்கு துணையா வர்ற பாடம், சுற்றுச்சூழல், என்எஸ்எஸ் மாதிரி எக்ஸ்டென்ஷன் வேலைக்கும் கிரெடிட் உண்டு. தமிழ் பேப்பர்ல அரியர் வச்சு டிகிரி நின்னுபோன கம்ப்யூட்டர் பசங்கள நானே பாத்திருக்கேன், யாப்பு எல்லாம் என்னத்துக்குன்னு விட்டவங்கதான். பாஸ் மார்க் இங்க 40. சென்னை யுனிவர்சிட்டி கணக்குல 75க்கு நடக்குற எக்ஸாம்ல 30 எடுக்கணும், இன்டர்னலுக்கு தனி மினிமம் கிடையாது. அரசு காலேஜ்ல சீட் கிடைச்சுட்டா செலவும் பெருசா வராது. குறை எங்கன்னா, மூணு வருஷ டிகிரிக்கு சில வேலையில சம்பளம் கம்மிலதான் ஆரம்பிப்பாங்க, அதனால பாதி பேர் எம்.சி.ஏ போறாங்க, அது 2020ல இருந்து ரெண்டே வருஷம்தான், ஆக மொத்தம் அஞ்சு. பி.சி.ஏவும் ஏறக்குறைய இதே கதைதான், தனியா சொல்ல ஒண்ணுமில்ல.

இப்ப எல்லாரும் கேக்குறது ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன் பி.எஸ். 2020ல ஆரம்பிச்சது. மொதல்லயே ஒண்ணு தெரிஞ்சுக்கணும், டிகிரி பேரு டேட்டா சயின்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ்னு சர்டிபிகேட்ல இருக்காது. ஐஐடிக்குன்னு எழுதுற ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேணாம், ப்ளஸ் டூல எந்த குரூப்னாலும் சரி, பத்தாவதுல மேத்ஸும் இங்கிலீஷும் படிச்சிருந்தா போதும். நாலு வாரம் பாடம் எடுத்து அசைன்மெண்ட் வாங்கி குவாலிஃபையர்னு ஒரு பரீட்சை வைப்பாங்க, தாண்டினா உள்ள. அதுக்கப்புறம்தான் அதோட குணம் தெரியும். ஃபவுண்டேஷன்ங்கிற மொத லெவல்ல எட்டு பேப்பர், 32 கிரெடிட், அதுல மேத்ஸ் ரெண்டு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ரெண்டு, எட்டையும் முடிக்காம டிப்ளமா லெவலுக்கு விடமாட்டாங்க. முழுசா பி.எஸ் வாங்க 142 கிரெடிட், 114ல நிறுத்துனா பி.எஸ்சின்னு குடுப்பாங்க, டிப்ளமாவோடயும் வெளிய வரலாம். நடுவுல நின்னா கையில ஏதாவது இருக்கும், பி.ஈல ஏழாவது செமஸ்டர்ல நின்னா மார்க்ஷீட் கட்டுதான் மிச்சம். பாடம் மட்டும்தான் வீட்ல, குயிஸும் எண்ட் டெர்மும் சென்டருக்கு நேர்ல போய் எழுதணும், வாரா வாரம் அசைன்மெண்ட் டெட்லைன் வேற. ஆப் டெவலப்மெண்ட் ப்ராஜெக்ட்ல வைவா, அதாவது வாய்மொழியா கேள்வி கேக்குற தேர்வு, இருக்கு, எவனோ எழுதுன கோட காப்பியடிச்சு குடுத்துட்டு இந்த லைன் எதுக்குன்னு கேட்டா அங்கயே மாட்டிக்குவான். ஃபீஸ் எடுக்குற பேப்பருக்கு ஏத்த மாதிரி, வருமானம், சமூகம் பாத்து 75 சதவீதம் வரைக்கும் சலுகை உண்டு.

என் அபிப்ராயம் கேட்டா, தானா உக்காந்து படிக்காத பையன ஐஐடி பேருக்காக பி.எஸ்ல மட்டும் தனியா போட்டுறாதீங்க, பெல் அடிச்சு கூப்புட அங்க ஆள் கிடையாது. கட்ஆஃப் கம்மி, பணம் கட்டி ஏதோ ஒரு காலேஜ்ல பி.ஈ சீட் வாங்கலாம்னு நினைக்கிறவங்க அதுக்கு பதிலா நல்ல அரசு காலேஜ் பி.எஸ்சிய பாக்கலாம். ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாம்னு யுஜிசி 2022லயே சொல்லிடுச்சு, பி.எஸ்சி காலேஜுக்கு போய்ட்டே பி.எஸ்ஸையும் மெதுவா ஓட்டலாம், எட்டு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. ரொம்ப நாளா ஆசைப்பட்ட நல்ல காலேஜ்லயே பி.ஈ கிடைக்குதுன்னா யோசிக்காம போங்க, கூட படிக்கிற பசங்கதான் அங்க பாதி படிப்பு.

சித்தி பையன் கடைசில அரசு காலேஜ் பி.எஸ்சிக்கு அப்ளை பண்ணிட்டு குவாலிஃபையருக்கும் பணம் கட்டிட்டான். பரீட்சை ஞாயித்துக்கிழமைன்னு தெரிஞ்சதுல இருந்து டீம்ல விக்கெட் கீப்பிங்குக்கு வேற ஆள் தேடிட்டு இருக்கான்.