மூன்று வருடப் படிப்பும் ஒரு சின்னக் கோடும்

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட பின்னேரங்களில் நடக்கிற ஆங்கில எழுத்து வகுப்பு ஒன்றுக்கு மூன்று மாதம் போய் வந்தேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

வேலை விண்ணப்பத்தில் 'த்ரீ இயர்ஸ் டிப்ளோமா' என்று எழுதி ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறேன், பிழை என்று ஒருத்தரும் சொன்னதில்லை. முதல் நாளே ரீச்சர் சிவப்புப் பேனையால் அந்த 'எஸ்'ஸை வெட்டிவிட்டு, த்ரீக்கும் இயருக்கும் நடுவில் ஹைபன் என்கிற சின்னக் கோடு ஒன்று போட்டார். "தம்பி, தமிழில 'மூன்று வருடங்கள் படிப்பு' எண்டு எழுதுவீரோ?" இல்லை, மூன்று வருடப் படிப்பு என்றேன். "அப்ப 'கள்' எங்க போச்சு? அந்த 'ப்' ஏன் வந்தது?"

ஓஎல் பரீட்சைக் காலத்தில் வல்லினம் மிகும் இடங்களைப் பாடமாக்கியவன்தான், ஆனாலும் இப்படி யோசித்ததில்லை. நம்முடைய ஒற்றும் அந்தக் கோடும் சொற்களைச் சேர்த்து ஒட்டுகிற கிட்டத்தட்ட ஒரே வேலைதான் செய்கின்றன, விழுகிற இடம்தான் வேறு. 'மூன்று வருடங்கள் படித்தேன்' என்று எழுதினால் 'கள்' திரும்பி வருகிறதல்லவா, ஆங்கிலத்திலும் அப்படியே, 'எஸ்' வரும், கோடு போய்விடும். 'வெல்-நோன்' என்பதும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் கோட்டோடு, 'ஹீ இஸ் வெல் நோன்' என்று பின்னால் வந்தால் பொதுவாகக் கோடு இல்லாமல். 'நியூலி பில்ட் ஹவுஸ்' மாதிரி 'லி'யில் முடிகிற வினையடைக்குப் பின்னால் கோடு வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ட்வென்ட்டி ஃபோர் அவர் ஷிஃப்ட்ஸ்'. ஃபோருக்கும் அவருக்கும் இடையில் மட்டும் கோடு போட்டால் நாலு மணித்தியால வேலை இருபது தரம். ட்வென்ட்டிக்குப் பிறகும் ஒன்று போட்டால் முழுசாக 24 மணித்தியாலம் நிற்க வேணும். யாராவது இதைப் பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் என்ன கதி என்று வகுப்பே சிரித்தது.

சரி, குறைக்கு வருவோம். தருகிற தாள்கள் போட்டோகொப்பிக்கு மேல் போட்டோகொப்பி. ஹைபன் பாடத்தின் தாளில் ஹைபனே விழவில்லை, நாங்களே பேனையால் ஒவ்வொன்றாகப் போட்டோம். கேட்டதற்கு "அதுவும் பயிற்சிதானே" என்றார். எழுதிக் கொடுத்த கடிதம் திருத்தி வர இரண்டு கிழமை ஆகும். கட்டணம் மாதம் 2500 ரூபாய், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆங்கிலம் பேசப் பழக என்று போகாதீர்கள், அங்கே பேச்சே கிடையாது. விண்ணப்பம், கடிதம் எழுதுகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஐந்து மணி வகுப்புக்கு நாலரைக்கே போனால் ஃபானுக்குக் கீழே இடம் கிடைக்கும்.