ரேடியேட்டரில் காற்று இறக்கும் பித்தளைச் சாவி: இரண்டு குளிர்காலம் பயன்படுத்திய பின்

லண்டனில் நாங்கள் குடியிருக்கும் பழைய வீட்டில், குளிர்காலம் தொடங்கி ஹீட்டிங்கைப் போட்டதும் மாடியறை ரேடியேட்டரின் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவரோர உலோகப் பலகை) கீழ்ப்பாதி சுடும். மேற்பாதியோ தொட்டால் சில்லென்று இருக்கும். உள்ளே குடத்து நீர் தளும்புவதுபோலக் களகளவென்று ஓசையும் கேட்கும். நீருக்கு மேலே காற்று தேங்கி நின்றால் இப்படித்தான் ஆகும். மாறாக அடிப்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே துருச்சேறு படிந்திருக்கக்கூடும்; அதற்கு இந்தச் சாவி உதவாது.

வீட்டோடு வந்த பழைய சாவியின் வாய் தேய்ந்து, காற்றை வெளியேற்ற ரேடியேட்டரில் உள்ள சிறு வால்வின் சதுர முனையைப் பிடிக்காமல் வழுக்கியது. அந்த முனை மழுங்கிவிட்டால் வால்வையே மாற்ற நேரும் என்பதால், பக்கத்து ஹார்ட்வேர் கடையில் 5 மில்லிமீட்டர் அளவுள்ள இந்தப் பித்தளைச் சாவியை வாங்கினேன். முனையில் அசையாமல் கச்சிதமாக உட்காருகிறது. இரண்டு குளிர்காலம் கடந்தும் அதன் வாய் சிறிதும் விரியவில்லை. குறை என்று சொன்னால், பிடி மிகவும் குட்டையானது. சுவரை ஒட்டிய ரேடியேட்டரில் விரல் நுழைத்துத் திருப்புவது சிரமம் என்பதோடு, கறுத்த நீர் விரல் வழியே வழிந்து சுவரையும் கறையாக்கிவிடுகிறது. பழந்துணி ஒன்றை அடியில் பிடித்துக்கொள்வது அவசியம்.

ஹீட்டிங்கை நிறுத்தி நீர் ஆறிய பிறகு, கீழ்த்தளத்தில் தொடங்கி மாடிக்குப் போக வேண்டும். இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினாலே போதும்; உஸ்ஸென்று காற்று வெளியேறும், பிறகு நீர் துப்பத் தொடங்கும், அது சீராக வந்ததும் உடனே மூடிவிட வேண்டும். முதன்முறை நான் செய்த தவறு, அத்தோடு வேலை முடிந்தது என்று எண்ணியதுதான். காற்று வெளியேறியதில், நீரைச் சூடாக்கி அனுப்பும் பாய்லரின் பிரஷர் முள் 0.6 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இறங்கியிருந்தது. எங்களுடையது போன்ற, அதே நீர் சுற்றிச் சுற்றி வரும் மூடிய அமைப்பில், நீர் ஆறியிருக்கும்போது முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். நிரப்பும் குழாயின் வால்வை மெல்லத் திறந்து, 1.2 வந்ததும் மூடினேன்.

இரண்டே வாரத்தில் மறுபடியும் அதே களகள ஓசை. காற்றை இறக்குவதும் நீரை ஏற்றுவதுமாக ஒரு மாதம் போன பிறகுதான் ஹீட்டிங் வேலை தெரிந்த ஒருவரை அழைத்தேன். அவர் சாவியைத் தொடவே இல்லை. ரேடியேட்டர் ரேடியேட்டராகக் குனிந்து வால்வுகளைத் தடவிப் பார்த்தார். குளியலறை ரேடியேட்டரில் வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள நட்டின் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குக் கட்டியிருந்தது. கசியும் நீர் சூட்டில் அங்கேயே உலர்ந்துவிடுவதால் தரையில் ஒரு துளிகூட விழுந்ததில்லை. பிரஷர் குறையக் குறைய நான் ஏற்றிய புதுநீரில் கரைந்திருந்த காற்று, சூடேறியதும் குமிழிகளாகப் பிரிந்து மாடியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதிலுள்ள ஆக்சிஜன் எஃகை உள்ளிருந்து அரிக்கவும் செய்யும் என்று விளக்கினார். நட்டை இறுக்கி, அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் நீரில் சேர்த்துவிட்டுப் போனார்.

ஆகவே சாவியைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் அடிக்கடி எடுக்க வேண்டியிருந்தால், காற்று வரும் வழியைத்தான் முதலில் தேட வேண்டும். எங்கள் வீட்டில் இந்தக் குளிர்காலம் அதை எடுத்தது ஒரே ஒரு முறை.