இதயச் சுவர் தடிப்புக்கு எக்கோ: திருகோணமலைக் கிளினிக் ஒன்றைப் பற்றி

எக்கோ, அதாவது இதய ஸ்கான், எடுத்த விதத்துக்கு முழுப் புள்ளி போடலாம், ரிப்போர்ட்டுக்குப் பாஸ் மார்க் போடுவதே பெரிய விஷயம். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. திருகோணமலை டவுனுக்குள் இருக்கிற ஒரு தனியார் இடம், அவ்வளவுதான்.

அண்ணாவுக்கு ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, அதாவது இதயத் தசை அளவுக்கு மீறித் தடிக்கிற வருத்தம். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, பெற்றோரில் ஒருவரிடம் அந்த மரபணு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக 50 வீத வாய்ப்பு, அதனால் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் ஈசிஜியும் எக்கோவும் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நாலு மணிக்கு வரச் சொன்னார்கள், டொக்டர் வந்து சேர ஆறரை தாண்டிவிட்டது. தூரத்திலிருந்து வருகிறவர்தானே என்று சனம் பேசாமல் இருந்தது. சரி, அதை விடுவோம்.

உள்ளே போனபின் அவசரமே இல்லை. இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, இதயத்தின் நடுச்சுவரை மட்டும் அளந்துவிட்டு விடாமல் இதய நுனி வரைக்கும் ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். அப்புறம், "தம்பி, மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நல்லா முக்குங்கோ" என்றார். சும்மா படுத்திருக்கும்போது இரத்தம் தடையில்லாமல் வெளியே போகிற பலருக்கு, முக்கும்போதோ ஓடும்போதோதான் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் இருக்கிற மைட்ரல் வால்வின் இதழ் தடித்த சுவர்ப் பக்கம் இழுபட்டு வழியை அடைக்குமாம். அந்த இடத்து அழுத்த வித்தியாசம் 30 மில்லிமீற்றர் மேர்க்கூரி வந்தாலே அடைப்பு என்று கணக்கு. முக்கச் சொல்லாமல் எடுக்கிற எக்கோவை இந்த வருத்தத்துக்கு நான் அரைவாசி எக்கோ என்றுதான் சொல்வேன்.

எனக்குச் சுவர் 14 மில்லிமீற்றர். மற்றவர்களுக்கு 15 இலிருந்துதான் இந்த வருத்தம் என்பார்கள், வீட்டில் ஒருவருக்கு இருந்தால் 13 போதும். பிரஷர் இருக்கிறதா, விளையாட்டுப் பயிற்சி செய்கிறீர்களா என்றும் கேட்டார், அவற்றாலும் சுவர் தடிக்கும். கடைசியில் எம்.ஆர்.ஐ.க்குக் கொழும்புக்கு எழுதித் தந்தார். எக்கோவில் நுனிப் பக்கம் சிலவேளை தெளிவாக விழாது, எம்.ஆர்.ஐ.யில் விழும், கடோலினியம் என்ற, படத்தைத் தெளிவாக்குகிற ஊசி போட்டு எடுத்தால் தசைக்குள் தழும்பு இருந்தாலும் தெரியும்.

இவ்வளவும் பார்த்தவர்களின் ரிப்போர்ட்டில் என்ன இருந்தது தெரியுமா? "சுவர் லேசாகத் தடித்துள்ளது", ஒரே வரி! 14 என்ற இலக்கமும் இல்லை, முக்கும்போது வந்த அழுத்தமும் இல்லை. அடுத்த டொக்டர் இதை வைத்து என்ன செய்வார்? கவுண்டரில் இருந்த பிள்ளை "எல்லாருக்கும் இப்படித்தான் அண்ணா குடுக்கிறது" என்று சொல்ல, நான் நகராமல் நின்று ரிப்போர்ட்டைத் திருப்பி டைப் அடிக்க வைத்து வாங்கினேன்.

காசு நியாயம்தான். இந்த வருத்தத்துக்காகப் போகிறவர்கள் வீட்டில் வருத்தம் உள்ளவரின் பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள், இலக்கங்கள் எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் வெளியே வராதீர்கள். படங்களைச் சீடியில் கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் அந்த ஒற்றைத் தாள்தான்.